நாகமானிடம் எவ்வளவு விசுவாசம் இருந்தது?

உங்கள் கேள்வியை இரண்டு முறை வாசித்தேன். முதல் வரியில் இருப்பது ஒரு வேதபாடக் கேள்வி: நாகமான் சுகமானது தாழ்மையாலா, விசுவாசத்தாலா? ஆனால் அதற்குக் கீழே நீங்கள் எழுதியிருக்கிற நான்கு வரிகளில்தான் நீங்கள் கேட்க வந்தது இருக்கிறது. தம்பிக்கு ஒன்பது வருடமாகத் தோல் நோய். ஜெபமும் உபவாசமும் ஆயிற்று. ஓர் ஊழியர் நாகமான் கதையைச் சொல்லி, "உன் பெருமை இன்னும் உடையவில்லை, அதனால்தான் சுகம் தடைபட்டு நிற்கிறது" என்று தம்பியின் முகத்துக்கு நேரே சொல்லியிருக்கிறார். ஒரு காணிக்கையையும் கேட்டிருக்கிறார். தம்பி விசுவாசத்தைக் காட்டுவதற்காக மருந்தை நிறுத்திவிட்டான். அந்தக் காணிக்கையைக் கொடுப்பதா, தம்பியிடம் என்ன சொல்வது என்றும் கேட்டிருக்கிறீர்கள். ஆக, நீங்கள் கேட்பது இதுதான்: சுகம் வராததற்கு நோயாளியின் மனம்தான் காரணம் என்று நாகமான் கதை வரும் வேத அதிகாரம் சொல்கிறதா? இல்லை. அது அப்படிச் சொல்லவில்லை. ஏன் என்று விளக்க எனக்குக் கொஞ்சம் இடம் வேண்டும்.

நான் இருபது வருடத்துக்கு மேல் இறையியல் மாணவர்களுக்கு எபிரெயமும் பழைய ஏற்பாடும் கற்பித்தவன். இராஜாக்களின் இரண்டாம் புத்தகம் 5-ஆம் அதிகாரத்தை எத்தனை முறை நடத்தியிருப்பேன் என்று கணக்கில்லை. ஒரு காலத்தில் நானும் அதை "பெருமை உடைந்தால் சுகம்" என்றுதான் பிரசங்கித்தேன். மருத்துவம் எனக்குத் தெரியாது. உங்கள் தம்பிக்கு ஏன் இன்னும் சுகமில்லை என்பதற்கும் என்னிடம் பதில் கிடையாது. பிரசங்கத்தில் வழக்கமாகச் சேர்த்துச் சொல்லப்படுவது எது, உண்மையில் அந்த அதிகாரத்தில் எழுதியிருப்பது எது என்று பிரித்துக் காட்ட மட்டும் என்னால் முடியும்.

கதை தெரியாதவர்களும் இதை வாசிக்கலாம் என்பதால் சுருக்கமாகச் சொல்கிறேன். நாகமான் சீரியாவின் படைத்தலைவன், வெற்றிகள் கண்டவன். ஆனால் குஷ்டரோகி. இஸ்ரவேலிலிருந்து சிறைபிடித்துக் கொண்டுவரப்பட்ட ஒரு சிறு பெண் அவன் வீட்டில் வேலை செய்கிறாள். சமாரியாவில் இருக்கிற தீர்க்கதரிசியிடம் இவர் போனால் நலமாயிருக்குமே என்று அவள் தன் நாச்சியாரிடம் சொல்கிறாள். பத்துத் தாலந்து வெள்ளி, ஆறாயிரம் சேக்கல் பொன், பத்து மாற்று வஸ்திரங்கள், ராஜாவின் கடிதம், இவற்றோடு அவன் புறப்படுகிறான். இஸ்ரவேலின் ராஜா கடிதத்தைப் பார்த்து, சண்டைக்குச் சாக்குத் தேடுகிறார்கள் என்று பயந்து வஸ்திரத்தைக் கிழித்துக்கொள்கிறான். அந்தத் தீர்க்கதரிசியான எலிசா, அவன் என்னிடம் வரட்டும் என்கிறான். நாகமான் இரதத்தோடு வாசலில் வந்து நிற்க, எலிசா வெளியே வராமல் ஆள் அனுப்பி, யோர்தானில் ஏழுதரம் ஸ்நானம்பண்ணச் சொல்கிறான். நாகமான் கோபத்தோடு திரும்பிப் போகிறான். வேலைக்காரர்கள் சமாதானம் சொல்கிறார்கள். பிறகு அவன் இறங்கி முழுகுகிறான், சுத்தமாகிறான்.

முதலில், எழுத்தில் உறுதியாக இருப்பது. "விசுவாசம்" என்ற சொல் இந்த அதிகாரத்தில் ஒரு இடத்தில்கூட இல்லை. "தாழ்மை" என்ற சொல்லும் இல்லை, "பெருமை" என்ற சொல்லும் இல்லை. எபிரெயத்திலும் அப்படித்தான். நம்பிக்கையைக் குறிக்கும் எமுனா என்ற சொல்லோ, அதன் வேரிலிருந்து வரும் வினையோ 27 வசனங்களில் எங்கும் வரவில்லை. கதையைப் பற்றி நாம் சொல்லும் இரண்டு பெரிய சொற்களும் நாம் கொண்டுபோய் வைத்தவை. அதனால் அவை தவறு என்று சொல்லவில்லை. சொல் இல்லாவிட்டாலும் விஷயம் இருக்கலாம். ஆனால் இவ்வளவு தாழ்மை, இவ்வளவு விசுவாசம், அதற்கு இவ்வளவு சுகம் என்று அளந்து காட்ட அந்த அதிகாரம் யாருக்கும் அளவுகோல் கொடுக்கவில்லை.

இறங்குவதற்கு முன்னால் நாகமானின் மனம் எப்படி இருந்தது? 11-ஆம், 12-ஆம் வசனங்கள் மறைக்காமல் சொல்கின்றன. கடுங்கோபம். "தன் கையினால் அந்த இடத்தைத் தடவி, இவ்விதமாய்க் குஷ்டரோகத்தை நீக்கிவிடுவான் என்று எனக்குள் நினைத்திருந்தேன்" என்கிறான். நடக்கப்போவதை அவன் வழியிலேயே மனதில் போட்டுப் பார்த்துவிட்டான்: தீர்க்கதரிசி வெளியே வருவார், நிற்பார், தொழுவார், தடவுவார். அதில் ஒன்றும் நடக்கவில்லை. எங்கள் ஊர் ஆறுகளான ஆப்னாவும் பர்பாரும் இதைவிட நல்ல தண்ணீராயிற்றே என்று கேட்கிறான். ஆப்னா என்பது தமஸ்கு நகரத்துக்குத் தண்ணீர் கொடுக்கும் இன்றைய பாரதா ஆறு என்பதில் பெரும்பாலான ஆய்வாளர்கள் ஒத்துப்போகிறார்கள். மலையிலிருந்து இறங்கி வரும் நீர் அது. யோர்தானோ பல இடங்களில் கலங்கி ஓடும் ஆறு. தண்ணீரை மட்டும் வைத்துப் பார்த்தால் அவன் சொன்னதில் நியாயம் உண்டு.

அடுத்து நடப்பதைத்தான் கவனிக்க வேண்டும். அவன் முழங்காலில் நின்று மனம் கசந்து அழுததாக எழுதவில்லை. "கர்த்தாவே, விசுவாசிக்கிறேன்" என்று அவன் சொல்லவும் இல்லை. வேலைக்காரர்கள் கிட்டே வந்து, "தகப்பனே, அந்தத் தீர்க்கதரிசி ஒரு பெரிய காரியத்தைச் செய்ய உமக்குச் சொல்லியிருந்தால் அதை நீர் செய்வீர் அல்லவா?" என்று கேட்கிறார்கள். அது பக்தியைத் தூண்டும் பேச்சே அல்ல, சாதாரண புத்தி. இவ்வளவு தூரம் வந்தாயிற்று, குளித்துத்தான் பாருங்களேன் என்கிற மாதிரி. உடனே அடுத்த வசனம்: "அப்பொழுது அவன் இறங்கி." அவ்வளவுதான். நடுவில் அவன் மனதில் என்ன ஓடியது என்று ஒரு சொல்கூட இல்லை. கோபம் ஆறியதா, பாதி ஆறியதா, அரைமனதோடு போனானா, எழுதியவர் சொல்லவில்லை. அவன் போனான், முழுகினான் என்று மட்டும் சொல்கிறார்.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் உங்கள் தம்பியும் இதைக் கேட்டிருக்கக்கூடும். "ஆறு தடவை முழுகியும் ஒன்றும் மாறவில்லை, ஏழாவது தடவை விடாமல் முழுகினான், அதுதான் விசுவாசம்" என்று அழகாகச் சொல்வார்கள். ஆறாவது தடவை வரை என்ன நடந்தது என்று அந்த வசனத்தில் இல்லை. கொஞ்சம் கொஞ்சமாகத் தோல் மாறியிருக்கலாம், கடைசியில் மொத்தமாக மாறியிருக்கலாம். இதை ஒரு கற்பனையாகச் சொல்வதில் தப்பில்லை. அதையே வேதம் சொன்னதுபோல் வைத்து, நீ ஆறிலேயே நின்றுவிட்டாய் என்று ஒரு நோயாளியைக் குற்றப்படுத்துவதுதான் தப்பு.

வகுப்பில் இந்த அதிகாரத்தை நடத்தும்போது கரும்பலகையில் இரண்டு சொற்றொடர்களை எழுதுவேன். 2-ஆம் வசனத்தில் அந்தச் சிறு பெண்ணைக் குறிக்க எபிரெயத்தில் "நஅரா கெதன்னா" என்று வருகிறது. 14-ஆம் வசனத்தில் நாகமானின் மாம்சம் சிறுபிள்ளையின் மாம்சத்தைப் போல ஆயிற்று என்ற இடத்தில் "நஅர் காத்தோன்" என்று வருகிறது. இரண்டும் ஒரே சொற்கள், ஒன்று பெண்பால், மற்றது ஆண்பால். ஒரு வருடம் பின்வரிசையில் இருந்த ஒரு மாணவி எழுந்து வந்து, என் கையிலிருந்த சுண்ணக்கட்டியை வாங்கி, இரண்டுக்கும் நடுவில் ஒரு கோடு இழுத்தாள். "அப்போ அவன் அவளை மாதிரி ஆயிட்டான், இல்லையா ஐயா?" என்றாள். அதைவிடத் தெளிவாக நான் இன்றுவரை சொன்னதில்லை. 1-ஆம் வசனத்தில் "பெரிய மனுஷன்" என்று தொடங்கியவன், வீட்டில் இருந்த மிகச் சிறியவளின் தோலைப் போன்ற தோலோடு கரையேறுகிறான். தாழ்மை என்ற சொல்லை எழுதாமலேயே எழுதியவர் அதைக் காட்டிவிட்டார். ஆனால் தாழ்மை அங்கே சுகத்துக்குக் கொடுத்த விலையாக வரவில்லை. தண்ணீருக்குள் அவனுக்குக் கிடைத்ததே அதுதான்.

இறங்குதல் என்பது அந்த நிலப்பகுதியில் வெறும் உருவகமும் அல்ல. சமாரியா நகரம் கடல்மட்டத்துக்கு மேல் 400 மீட்டருக்கும் கூடுதலான உயரத்தில், ஒரு குன்றின்மேல் இருந்தது. யோர்தான் பள்ளத்தாக்கு அந்தப் பகுதியில் கடல்மட்டத்துக்குக் கீழே 200 மீட்டருக்கும் அப்பால் கிடக்கிறது. எலிசாவின் வீடு சமாரியாவில்தான் இருந்தது என்று எடுத்துக்கொண்டால் (சிறு பெண்ணின் பேச்சு அப்படித்தான் காட்டுகிறது), அவன் இரதங்களோடும் குதிரைகளோடும் ஏற்கெனவே வந்த நெடும்பயணத்துக்குப் பிறகு 600 மீட்டருக்கு மேல் கீழே இறங்க வேண்டியிருந்தது. அவன் கொண்டுவந்த வெள்ளியையும் யோசித்துப் பாருங்கள். ஒரு தாலந்து ஏறக்குறைய 34 கிலோ, பத்துத் தாலந்து என்றால் 340 கிலோ. உம்ரி ராஜா சமாரியா மலையையே இரண்டு தாலந்து வெள்ளிக்கு வாங்கினான் என்று முதலாம் இராஜாக்கள் 16-ஆம் அதிகாரத்தில் இருக்கிறது. ஒரு தலைநகரம் நிற்கிற மலையின் விலையைப் போல ஐந்து மடங்கு வெள்ளி அவன் கையில் இருந்தது. அதில் ஒரு சேக்கலைக்கூட எலிசா தொடவில்லை.

சரி, அப்படியானால் அவனுடைய தாழ்மையும் விசுவாசமும் எங்கே வருகின்றன? 15-ஆம் வசனத்தில், சுகமான பிறகு. எபிரெயத்தில் "ஷூப்" என்ற வினைக்குத் திரும்புதல் என்று பொருள். அவன் மாம்சம் பழையபடி திரும்பியது என்பதற்கும் அதே வினை, அவன் தேவனுடைய மனுஷனிடத்துக்குத் திரும்பி வந்தான் என்பதற்கும் அதே வினை. வேண்டியது கிடைத்துவிட்டது, தமஸ்குவுக்கு நேரே போயிருக்கலாம். அவன் திரும்பி வந்து எலிசாவின் முன் நிற்கிறான். "இஸ்ரவேலிலிருக்கிற தேவனைத் தவிர பூமியெங்கும் வேறே தேவன் இல்லை என்பதை அறிந்தேன்" என்று அப்போதுதான் அறிக்கை செய்கிறான். அதன்பின் அவன் பேச்சில் "உமது அடியான்" என்பது எபிரெயத்தில் ஐந்து முறை வருகிறது. அதற்கு முன் ஒருமுறைகூட இல்லை. முன்பு வாசலில் இரதத்தோடு வந்து நின்றவன், 21-ஆம் வசனத்தில் எலிசாவின் வேலைக்காரன் கேயாசி ஓடிவருவதைப் பார்த்ததும் இரதத்தைவிட்டுக் கீழே இறங்குகிறான். எழுதியவர் இந்த விவரத்தைச் சும்மா வைக்கவில்லை.

அந்த விசுவாசம்கூட முழுமையானதாக இல்லை என்பது எனக்கு மிகவும் பிடித்த பகுதி. இரண்டு கோவேறு கழுதைகள் சுமக்கத்தக்க மண் வேண்டும் என்று கேட்கிறான். இஸ்ரவேலின் தேவனைத் தொழ இஸ்ரவேலின் மண் தேவை என்று நினைத்தான் போலும். பிறகு தயங்கித் தயங்கி இன்னொன்றைச் சொல்கிறான்: என் ராஜா எங்கள் தெய்வமான ரிம்மோனின் கோவிலில் பணியும்போது என் கையில் சாய்வார், நானும் பணிய வேண்டிவரும், இதைக் கர்த்தர் எனக்கு மன்னிக்கட்டும். ஒரு புதிய விசுவாசி வேலையையும் விசுவாசத்தையும் ஒன்றாகப் பிடித்துக்கொண்டு திணறுகிற காட்சி இது. எலிசா அவனுக்குப் பாடம் எடுக்கவில்லை. "உன் விசுவாசம் இன்னும் போதாது, வந்த சுகம் போய்விடும்" என்று மிரட்டவும் இல்லை. "சமாதானத்தோடே போ" என்றான். அந்த ஒரு சொல்லைத்தான் தம்பியிடம் யாராவது முதலில் சொல்லியிருக்க வேண்டும்.

இந்த அதிகாரத்தில் சுகத்துக்கு முன்பே விசுவாசம் இருந்தவர் ஒருவர் உண்டென்றால் அது அந்தச் சிறு பெண்தான். அவள் பெயர் தெரியாது, வயது தெரியாது. அவளைப் பிடித்துக்கொண்டு போன படை நாகமானின் தேசத்துப் படை. அவன் நோயில் கிடக்கட்டும் என்று அவள் நினைத்திருந்தால் யாரும் அவளைக் குறை சொல்ல முடியாது. அவளோ அவன் நலமாக வேண்டும் என்கிறாள், அதுவும் "நீக்கிவிடுவார்" என்று சந்தேகமில்லாமல் சொல்கிறாள். அவளுடைய விசுவாசத்தால் சுகமானது வேறொருவன். அவள் விடுதலையானாளா, அப்பா அம்மாவைப் பார்த்தாளா என்று கதை சொல்லவே இல்லை. விசுவாசம் இருந்தால் நினைத்தது நடக்கும் என்று இந்தக் கதையை வைத்துச் சொல்கிறவர்கள், இவளைப் பற்றி என்ன சொல்வார்கள் என்று நான் வகுப்பில் கேட்பதுண்டு.

இனி, உறுதியாகச் சொல்ல முடியாதவை. நோயிலிருந்தே தொடங்கலாம். எபிரெயத்தில் "ட்ஸாராஅத்" என்கிற சொல்லைத்தான் நம் பழைய மொழிபெயர்ப்பு குஷ்டரோகம் என்றும், புதிய மொழிபெயர்ப்புகள் தொழுநோய் என்றும் சொல்கின்றன. ஆனால் லேவியராகமம் 13, 14-இல் துணிக்கும் வீட்டுச் சுவருக்கும்கூட அதே சொல் வருகிறது. அதனால் அது 1873-இல் ஹான்சன் கிருமியைக் கண்டுபிடித்த அந்த ஒரே நோயைக் குறிக்காது, பலவகைத் தோல் நோய்களுக்கும் பொதுவான பெயர் என்பது பெரும்பாலான ஆய்வாளர்களின் கருத்து. நாகமானுக்கு இருந்தது எது என்று யாராலும் சொல்ல முடியாது. அவன் படையை நடத்தினான், ராஜாவின் பக்கத்தில் நின்றான் என்பதால் மனிதரைவிட்டு ஒதுக்கப்படவில்லை என்பது மட்டும் தெரிகிறது.

எலிசா ஏன் வெளியே வரவில்லை என்பதும் அப்படித்தான். அவனுடைய பெருமையை உடைக்க என்று சொல்வார்கள், இருக்கலாம். மகிமை மனிதனுக்குப் போகக்கூடாது என்பதற்காக என்றும் சொல்லலாம், எனக்கு அதுதான் கூடுதலாகப் பொருந்துகிறது, ஏனென்றால் நாகமான் கடைசியில் தீர்க்கதரிசியை அல்ல, தேவனை அறிக்கை செய்கிறான். ஆனால் காரணம் எழுதப்படவில்லை. 11-ஆம் வசனத்தில் "எனக்குள்" என்று நாம் வாசிக்கிற சொல்லை எபிரெயத்தில் அடுத்த சொல்லோடு சேர்த்தும் படிக்கலாம். அப்போது "என்னிடத்துக்கு அவன் கட்டாயம் வெளியே வருவான்" என்று, "என்னிடத்துக்கு" என்பதில் அழுத்தம் விழும். அப்படிப் படித்தால் பெருமை கூடுதலாகத் தெரியும், இப்படிப் படித்தால் ஏமாற்றம் கூடுதலாகத் தெரியும். ஒரு சொல்லை எதோடு சேர்ப்பது என்பதிலேயே இவ்வளவு வித்தியாசம் வரும் இடத்தில், உன் பெருமைதான் தடை என்று இன்னொருவர் மனதைப் பார்த்து எப்படி அடித்துச் சொல்ல முடியும்? அந்த இரண்டு ராஜாக்களின் பெயரும் அதிகாரத்தில் இல்லை. இஸ்ரவேலின் ராஜாவாயிருந்த ஆகாபை அம்பெய்து கொன்றவன் நாகமான்தான் என்பது பழைய யூத மரபு, வேதத்தில் இல்லை. இவற்றால் உங்கள் கேள்விக்கு ஒன்றும் ஆகப்போவதில்லை, விட்டுவிடுவோம்.

நீங்கள் என்னை மறித்துக் கேட்கலாம்: சுவிசேஷங்களில் "உன் விசுவாசம் உன்னை இரட்சித்தது" என்று இயேசுவே சொல்லியிருக்கிறாரே? சொல்லியிருக்கிறார், அதை நான் மழுப்பப் போவதில்லை. பெரும்பாடுள்ள ஸ்திரீயிடம் சொன்னார். நாசரேத்தில் மக்களின் அவிசுவாசத்தைக் கண்டு ஆச்சரியப்பட்டார், அங்கே சில நோயாளிகளைத் தவிர வேறு அற்புதம் செய்யக்கூடாமற்போயிற்று என்று மாற்கு 6 சொல்கிறது. விசுவாசத்துக்கும் சுகத்துக்கும் சம்பந்தமே இல்லை என்று நான் சொன்னால் அது பொய்யாகிவிடும். ஆனால் நோய் நீங்க வேண்டும் என்று கேட்டு வந்த ஒருவரிடம் "உன் விசுவாசம் போதாது, போய்விடு" என்று இயேசு சொன்ன இடம் நான்கு சுவிசேஷங்களிலும் ஒன்றுகூட இல்லை. தன் வேலைக்காரனுக்காக இயேசுவிடம் வேண்டிய நூற்றுக்கு அதிபதி என்கிற படை அதிகாரியின் கதையில் "நான் பாத்திரன் அல்ல" என்ற தாழ்மையும் விசுவாசமும் அதிபதியினுடையவை, படுத்திருந்த வேலைக்காரனின் விசுவாசத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. பெதஸ்தா குளத்தருகே சுகமானவனுக்குத் தன்னைச் சுகமாக்கியவர் யார் என்றே தெரியாது. மாற்கு 9-இல் ஒரு தகப்பன், "விசுவாசிக்கிறேன் ஆண்டவரே, என் அவிசுவாசம் நீங்கும்படி உதவிசெய்யும்" என்று இரண்டையும் ஒரே மூச்சில் சொல்லி அழுகிறான், பிள்ளை சுகமாகிறான். அதே சம்பவத்தை மத்தேயு 17-இல் பாருங்கள். எங்களால் ஏன் முடியவில்லை என்று சீஷர்கள் கேட்கிறார்கள், "உங்கள் அவிசுவாசத்தினாலேதான்" என்கிறார். யாரிடம் சொன்னார்? பிள்ளையிடமும் அல்ல, தகப்பனிடமும் அல்ல. சுகமாக்க முயன்று முடியாமல் போனவர்களிடம்.

நாகமானைப் பற்றி இயேசுவே பேசியதும் உண்டு, லூக்கா 4:27. எலிசாவின் காலத்தில் இஸ்ரவேலில் அநேகம் குஷ்டரோகிகள் இருந்தும், சீரியனாகிய நாகமானைத் தவிர ஒருவனும் சுத்தமாக்கப்படவில்லை என்றார். மற்றவர்களுக்குத் தாழ்மை இல்லாததால் என்று அவர் சொல்லவில்லை. தேவனுடைய இரக்கம் வேலி தாண்டிப் போகும் என்பதற்காகச் சொன்னார், அதைக் கேட்டவர்கள் கோபத்தால் நிறைந்து அவரை மலைச்சரிவிலிருந்து தள்ளிவிடப் போனார்கள். அந்த "அநேகரில்" நான்கு பேரை நாம் இரண்டு அதிகாரம் தள்ளியே சந்திக்கிறோம். இரண்டாம் இராஜாக்கள் 7-இல் சமாரியாவின் வாசலில் நான்கு குஷ்டரோகிகள் உட்கார்ந்திருக்கிறார்கள். நகரத்தை எதிரிப்படை முற்றுகையிட்டிருக்கிறது, உள்ளே பஞ்சம். எலிசா அதே நகரத்துக்குள்தான் இருக்கிறான். அவர்களை யாரும் சுகமாக்கவில்லை. எதிரியின் பாளயம் காலியாகக் கிடப்பதை முதலில் கண்டவர்கள் அவர்கள். வயிறாரச் சாப்பிட்ட பிறகு, "நாம் செய்கிறது நியாயமல்ல, இந்நாள் நற்செய்தி அறிவிக்கும் நாள்" என்று சொல்லி, தங்களை வெளியே வைத்திருந்த நகரத்துக்கு அந்தச் செய்தியைக் கொண்டுபோனார்கள். குஷ்டரோகிகளாகவே போனார்கள். பெருமையும் அவிசுவாசமும்தான் அவர்கள் நோய்க்குக் காரணம் என்று அங்கே யாரும் எழுதி வைக்கவில்லை. அப்புறம் 13-ஆம் அதிகாரம் 14-ஆம் வசனம்: நாகமானைச் சுகமாக்கின அதே எலிசா வியாதியாய்ப் படுத்து, அந்த வியாதியிலேயே இறந்தான்.

காணிக்கையைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். அதற்கு இந்த அதிகாரமே நேராகப் பதில் சொல்கிறது. நாகமான் வருந்திக் கேட்டும் எலிசா வாங்கவில்லை. கேயாசி பின்னாலே ஓடி, பொய் சொல்லி, இரண்டு தாலந்து வெள்ளியும் இரண்டு வஸ்திரமும் வாங்கிக்கொண்டான். நாகமானின் குஷ்டரோகம் அவனைப் பிடித்துக்கொண்டது. இந்த அதிகாரத்தில் ஒருவருக்கு நோய் தண்டனையாக வருகிறது என்றால் அது சுகத்தை வைத்துப் பணம் பார்த்தவனுக்குத்தான். உங்களிடம் காணிக்கை கேட்டவரின் நோக்கம் என்ன என்று எனக்குத் தெரியாது, அவரை நான் நியாயந்தீர்க்க மாட்டேன். ஆனால் இந்தக் கதையைச் சொல்லிக்கொண்டே பணம் கேட்பது சரியல்ல. கொடுக்காதீர்கள்.

சில வருடங்களுக்கு முன் மருத்துவமனையில் ஒரு தாயைப் பார்க்கப் போனேன். சிறுநீரகம் இரண்டும் கெட்டு, வாரத்துக்கு மூன்று முறை இரத்தச் சுத்திகரிப்பு. கையில் ஊசி போட்ட இடம் கயிறுபோலப் புடைத்திருந்தது. நான் உட்கார்ந்ததும், "ஐயா, நான் இன்னும் எவ்வளவு தாழணும்?" என்று கேட்டார். வந்தவர்கள் எல்லோரும் நாகமானைச் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்கள். நான் விளக்கம் ஒன்றும் சொல்லாமல் அந்த அதிகாரத்தை முதலிலிருந்து வாசித்தேன். 11-ஆம் வசனத்துக்கு வந்ததும் நிறுத்தச் சொன்னார். "கடுங்கோபமா? அப்படியா எழுதியிருக்கு?" என்றார். ஆமாம் என்று புத்தகத்தைத் திருப்பிக் காட்டினேன். விரலை வைத்துப் பார்த்தார். கொஞ்ச நேரம் கழித்து, "எனக்கும் கோபம்தான் ஐயா. இத்தனை நாள் யார்கிட்டயும் சொல்லல" என்றார். அன்று அவரே ஜெபித்தார், அந்தக் கோபத்தையே முதலில் சொல்லி. அவருக்குச் சுகம் கிடைக்கவில்லை, அடுத்த வருடம் இறந்துபோனார். ஆனால் கடைசி மாதங்களில் தன்னைக் குற்றவாளியாக நினைத்துக்கொண்டு அவர் படுத்திருக்கவில்லை.

தம்பியிடம் என்ன சொல்வது என்று கேட்டீர்கள். என்ன சொல்வது என்பதைவிட முதலில் என்ன செய்வது என்று பாருங்கள். மருந்தை மறுபடி தொடங்க வேண்டும். ஆனால் ஒன்பது வருடமாக எடுத்த மருந்தை நிறுத்திவிட்டுத் தானாகவே பழைய அளவில் தொடங்கலாமா என்பதை அவனைப் பார்த்த மருத்துவர்தான் சொல்ல வேண்டும், ஆகவே அவரிடம் அழைத்துப் போங்கள். மருந்து எடுத்தால் விசுவாசக் குறைவு என்று அவன் தயங்கினால், இதே புத்தகத்தின் 20-ஆம் அதிகாரத்தை எடுத்து வையுங்கள். எசேக்கியா ராஜா மரணப் படுக்கையில் அழுது ஜெபிக்கிறான். "நான் உன்னைக் குணமாக்குவேன்" என்று கர்த்தர் வாக்கே கொடுத்துவிட்டார். அதற்குப் பிறகு ஏசாயா தீர்க்கதரிசி சொன்ன முதல் காரியம், அத்திப்பழத்து அடையைக் கொண்டுவாருங்கள் என்பதுதான். அதைக் கொண்டுவந்து பிளவையின்மேல் பற்றுப்போட்டார்கள், அவன் பிழைத்தான். வாக்குத்தத்தமும் மருந்துப் பற்றும் 5-ஆம், 7-ஆம் வசனங்களில், இரண்டு வசன இடைவெளியில் இருக்கின்றன. நீங்கள் இதை எடுத்துச் சொல்லும்போது அவனுக்குக் கோபம் வந்தால் வரட்டும், பக்கத்தில் உட்கார்ந்திருங்கள். மருத்துவரைப் பார்த்த பிறகு என்ன சொன்னார் என்று இங்கேயே எழுதுங்கள், நான் காத்திருப்பேன்.